வெர்மான்ட் கூரைப் பாலங்கள்: ஒரு சேற்றுக்காலப் பயணம்

வியாழன் – பிராட்டில்பரோ, மேற்கு டம்மர்ஸ்டன்

அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் நியூ இங்கிலாந்துப் பகுதியின் கூரை போட்ட மரப்பாலங்களைப் பார்க்க எல்லோரும் அக்டோபரில்தான் போவார்கள். மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக நிற்கும், நடுவே ஒரு பாலம் தெரியும். காலண்டர் படங்கள் எல்லாம் அந்த மாதத்தில் எடுத்தவைதான். நாங்கள் ஏப்ரல் கடைசியைத் தேர்ந்தெடுத்தோம். மலையில் பனி உருகி ஆறுகள் கரை தொட்டு ஓடும் காலம் இது. இந்தப் பாலங்களின் வரலாற்றில் பாதிக்கு மேல் வெள்ளத்தின் வரலாறு. கூழாங்கல் தெரிய ஆறு வற்றிக் கிடக்கும் நாளில் வந்து பார்த்தால், இவை எதைத் தாக்குப்பிடித்து நிற்கின்றன என்பது புரியாது.

ஊர்க்காரர்கள் இந்தப் பருவத்தைச் சேற்றுக்காலம் என்கிறார்கள். தார் போடாத சாலைகள் களிமண்ணாகக் குழைந்துவிட்டன. மரங்களில் இன்னும் இலை வரவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான், பாலங்கள் தூரத்திலிருந்தே முழுசாகத் தெரிகின்றன.

கனெக்டிகட்டிலிருந்து 91ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே வந்தால் வெர்மான்ட் மாநிலத்தில் முதலில் வரும் பெரிய ஊர் பிராட்டில்பரோ. அங்கே வெட்ஸ்டோன் ஓடையின் மேல் க்ரீமரி பாலம் இருக்கிறது. 1879ல் கட்டியது. 2010 முதல் இதில் வண்டிகளை விடுவதில்லை. கூரைப் பாலத்தை முதன்முதலில் பார்க்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. பின்னால் கார் வருமோ என்ற பயமில்லாமல் உள்ளே நின்று நிதானமாக அண்ணாந்து பார்க்கலாம்.

உள்ளே போனதும் என் மனைவி கேட்டது: "ஏங்க, இவ்வளவு பெரிய பாலத்துல ஒரு பெரிய உத்திரம்கூடக் கண்ணுல படலையே?" சரியான கேள்வி. இரண்டு பக்கச் சுவரும் வெறும் பலகைகள். மூங்கில் தட்டி முடைந்ததுபோல, ஒரு வரிசை இந்தப் பக்கம் சாய்ந்தும் அடுத்த வரிசை எதிர்ப்பக்கம் சாய்ந்தும் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன. பலகைகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் எல்லாம் துளை போட்டு, ஓக் மரத்தில் கடைந்த முளைகளை அடித்து இறக்கியிருக்கிறார்கள். பாலத்தின் பாரம் முழுவதையும் தாங்குவது இந்தப் பலகைப் பின்னல்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் இத்தியல் டவுன். கனெக்டிகட் மாநிலத்துக்காரர், 1784ல் பிறந்தவர், கட்டடக் கலைஞர். 1820 ஜனவரியில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதுவரை பெரிய மரப்பாலம் கட்டுவது தேர்ந்த தச்சர்களின் வேலையாக இருந்தது. கனத்த மரங்களைத் தேடி வெட்டிக் கொண்டுவர வேண்டும், பொருத்துகளைச் செதுக்க வேண்டும், வளைவு விட்டங்களைச் செய்ய வேண்டும். டவுனின் முறைக்கு உள்ளூர் மர அறுவை மில்லில் கிடைக்கும் சாதாரணப் பலகையே போதும். எல்லாப் பலகையும் ஒரே அளவு, எல்லாத் துளையும் ஒரே அளவு. களஞ்சியம் கட்டத் தெரிந்த ஊர்த் தச்சர் பாலத்தையும் கட்டிவிடலாம். இந்த முறையில் கட்டுகிறவர்களிடம் அடிக்கு ஒரு டாலர் உரிமைத்தொகை வாங்கினார் என்றும், கேட்காமல் கட்டி மாட்டிக்கொண்டவர்களிடம் அடிக்கு இரண்டு டாலர் வாங்கினார் என்றும் சொல்வார்கள். சின்னச் சின்ன கிராமங்களில்கூட நூறடி, இருநூறடிப் பாலங்கள் எழும்ப இந்த ஒரு யோசனை பெரிய காரணம். அதனாலேயே இத்தியல் டவுனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெரிய ஆற்றைக் கடக்கும் வித்தையைச் சாதாரணத் தச்சர்களின் கைக்குக் கொண்டுபோனவர்.

மதியம் மேற்கு டம்மர்ஸ்டன். வெஸ்ட் ஆற்றின் மேல் 280 அடி நீளத்தில் 1872ல் கேலப் லாம்சன் கட்டிய பாலம். இதுவும் டவுன் முறைதான். ஒரு மாநில எல்லைக்குள் முழுதாக அடங்கும் வெர்மான்ட் கூரைப் பாலங்களில் மிக நீளமானது. பாலத்துக்கு அடியில் ஆறு பழுப்பு நிறத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. கோடையில் மக்கள் குளிக்க வரும் இடம் என்று நம்பவே முடியவில்லை.

கூரை எதற்கு என்று நாளை யாராவது கேட்பதற்கு முன் எழுதிவிடுகிறேன். குதிரை தண்ணீரைப் பார்த்து மிரளாமல் இருக்க, பயணிகள் மழைக்கு ஒதுங்க, காதலர்கள் மறைந்து முத்தமிட என்று பல கதைகள் சொல்வார்கள். கூரை போட்டது மரத்துக்காக. பலகைகள் சந்திக்கும் இடத்தில் மழைத்தண்ணீர் தங்கினால் பத்து, இருபது வருடத்தில் உளுத்துவிடும். மேலே கூரையும் பக்கத்தில் பலகைச் சுவரும் இருந்தால் நூறு வருடம் தாண்டியும் நிற்கும். கூரையும் பக்கப்பலகையும் மலிவு, பழுதானால் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் பின்னல் கெட்டுப்போனால் பாலமே போச்சு. அமெரிக்காவில் அறியப்பட்ட முதல் கூரைப் பாலம் 1805ல் பிலடெல்பியாவில் ஸ்கூல்கில் ஆற்றின் மேல் வந்தது. கட்டியவர் டிமோதி பாமர். பாலக் கம்பெனியின் தலைவராக இருந்த நீதிபதி ரிச்சர்ட் பீட்டர்ஸ்தான் மூடிவிடலாம் என்று வற்புறுத்தினார். இவ்வளவு செலவழித்துக் கட்டியதை மழைக்குக் கொடுக்க அவருக்கு மனசில்லை.

வெள்ளி – ராக்கிங்ஹாம்

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்த நாள் இது. ராக்கிங்ஹாம் ஊராட்சியில் வில்லியம்ஸ் ஆற்றின் மேல் பார்ட்டன்ஸ்வில் பாலம்.

1869 அக்டோபரில் வந்த வெள்ளத்தில் ஆறு தன் பாதையையே மாற்றிக்கொண்டது. புதுப் பாதைக்குப் புதுப் பாலம் வேண்டியிருந்தது. சான்ஃபோர்ட் கிரேஞ்சர் என்ற உள்ளூர்க் கட்டுநர் 1870ல் 151 அடி நீளத்தில் டவுன் முறைப் பாலம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். வைக்கோல் வண்டி, பால் வண்டி, பிறகு கார், பள்ளிப் பேருந்து என்று 141 வருடம் அது வேலை செய்தது.

2011 ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை. ஐரீன் புயல் வெர்மான்ட் வந்து சேர்ந்தபோது அதன் காற்று தளர்ந்திருந்தது. மழை தளரவில்லை. செங்குத்தான மலைகளும் குறுகிய பள்ளத்தாக்குகளும் நிறைந்த மாநிலம் இது. மலையில் விழுந்த மழையெல்லாம் சில மணி நேரத்தில் ஆற்றுக்கு வந்துவிட்டது. வில்லியம்ஸ் ஆறு பாலத்தின் ஒரு பக்கத்து மண்ணை அரித்தது. பக்கத்தில் நின்ற ஒருவர் எடுத்த காணொளி அன்றைக்கே உலகம் முழுக்கப் பரவியது. அதில் பாலம் உடையவில்லை. ஒரு முனை மெதுவாக இறங்குகிறது, பிறகு முழுப் பாலமும் கூரையோடு ஆற்றுக்குள் சரிகிறது. மரவேலை தோற்கவில்லை, காலடியில் இருந்த மண்தான் போய்விட்டது. அந்தக் காணொளியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பின்னணியில் கேட்கும் அழுகுரல் ஒரு வீட்டில் சாவு விழுந்ததுபோல இருக்கும்.

அதன்பிறகு ஊர் எடுத்த முடிவுதான் என்னை இங்கே வரவழைத்தது. காங்கிரீட் பாலம் போட்டுக்கொண்டு ஒரு நினைவுப் பலகை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ராக்கிங்ஹாம் மக்கள் மறுபடியும் மரத்தில், மறுபடியும் டவுன் முறையில், மறுபடியும் கூரையோடு கட்டினார்கள். 2013 ஜனவரியில் திறந்தார்கள். ஆறு அகலமாகிவிட்டதால் புதியது 168 அடி.

காலை எட்டரைக்கு அங்கே நின்றோம். பலகையெல்லாம் இன்னும் முழுசாகக் கறுக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேல் வெயில் பட்டும் உள்பக்கம் தேன் நிறமாகவே இருக்கிறது. கார் ஒன்று உள்ளே போனது. தரைப்பலகைகள் வரிசையாகத் தடதடத்து அடங்கின. பக்கப் பின்னலில் கையை வைத்தபோது அந்த அதிர்வு முளைகள் வழியாகப் பின்னல் முழுக்கப் பரவியது தெரிந்தது. 1870ல் இருந்த மரம் இதில் இல்லை, ஆகவே இது வெறும் நகல் என்று சிலர் எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன். அங்கே நின்றபோது அந்த வாதம் எனக்கு ஏற்கவே முடியாததாக இருந்தது. கிரேஞ்சர் கட்டிய பாலத்திலும் 141 வருடத்தில் எத்தனையோ தரைப்பலகை, எத்தனையோ கூரை மாறியிருக்கும். பாரம் போகும் வழி அதேதான், வேலையும் அதேதான், ஆறும் அதேதான். புதுப் பாலத்துக்கு அந்தப் பெயரைச் சொந்தம் கொண்டாட முழு உரிமை இருக்கிறது.

சற்றுத் தொலைவில் அதே ஆற்றின் மேல் வொரல் பாலம் இருக்கிறது. அதையும் கிரேஞ்சர்தான் அதே காலத்தில் கட்டினார். ஐரீன் அதைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டது. ஒரே ஆறு, ஒரே கை, ஒரே மரம். ஒன்று போனது, ஒன்று நிற்கிறது. பாலம் உட்காரும் இடத்துக் கரை எப்படி என்பது தச்சரின் திறமைக்குச் சமமான விஷயம் என்று இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வொரல் பாலத்துக்கு இட்டுச் செல்லும் மண்சாலையில் கடைசிக் கால் மைலை நடந்தே போனோம். கார் சக்கரம் சேற்றில் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

மாலையில் பெல்லோஸ் ஃபால்ஸ் பக்கம் சேக்ஸ்டன்ஸ் ஆற்றின் மேல் ஹால் பாலம். இதன் விதி வேறு. 1980ல் அளவுக்கு மீறிய எடையோடு ஒரு லாரி ஏறியதில் பழைய பாலம் ஆற்றில் விழுந்தது. 1982ல் மில்டன் கிராட்டனும் அவர் மகன்களும் பழைய முறையிலேயே திரும்பக் கட்டினார்கள். பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் ஆஷ்லாந்து ஊர்க்காரரான மில்டன் கிராட்டனின் பெயர் இன்னும் வரும்.

சனி – விண்ட்சர், கார்னிஷ்

இரவு முழுக்க மழை. காலையில் கனெக்டிகட் ஆறு ஒரு ஏரிபோல அகன்று கிடந்தது. மேகம் விலகியபோது அஸ்கட்னி மலை தெரிந்தது, உச்சியில் இன்னும் பனி.

விண்ட்சர் வெர்மான்ட்டில். எதிர்க்கரை கார்னிஷ் நியூ ஹாம்ப்ஷயரில். நடுவே சுமார் 450 அடி நீளத்துக்கு மரப்பாலம். அதற்கு இரண்டே இரண்டு கண், அதாவது ஒரு தாங்கலுக்கும் அடுத்த தாங்கலுக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஒவ்வொரு கண்ணும் இருநூறடிக்கு மேல். ஆற்று நடுவே ஒரே ஒரு கல் தூண். இரண்டு கண் உள்ள கூரைப் பாலங்களில் உலகிலேயே இதுதான் நீளமானது. 2008ல் ஓஹாயோவில் 613 அடியில் ஒரு புதுப் பாலம் வரும்வரை அமெரிக்காவின் மிக நீளமான கூரை மரப்பாலமும் இதுதான். கனடாவில் ஹார்ட்லாந்து பாலம் 1,282 அடி. ஆனால் அதற்குப் பல கண்கள்.

இந்த இடத்தில் 1796லிருந்து பாலம் இருக்கிறது. அந்த முதல் பாலத்தையும் அடுத்து வந்த இரண்டையும் ஆறு கொண்டுபோனது. 1866ல் ஜேம்ஸ் டாஸ்கர், பீலா ஃப்ளெச்சர் என்ற இருவரும் 9,000 டாலருக்கு நான்காவதைக் கட்டினார்கள். பின்னல் முறைதான், ஆனால் பலகைக்குப் பதிலாகக் கனத்த சதுர மரங்களை ஒன்றோடொன்று வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் அந்த வித்தியாசம் உடனே தெரிகிறது. நேற்றுப் பார்த்தவற்றில் ஒரு லேசான தன்மை இருந்தது. இதில் இருப்பது பலம். இந்த ஆற்றில் வசந்த காலத்தில் பனிப்பாறைகள் உடைந்து மிதந்து வரும். அவை தூணில் மோதிக் குவியும்போது கண் சிறியதாக இருந்தால் பாலமே அணையாகிவிடும். மூன்று பாலத்தைப் பறிகொடுத்த ஊர் நான்காவதற்கு ஒரே தூணோடு நிறுத்திக்கொண்டதை அந்தப் பெருக்கைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். இன்றைக்கும் அந்தத் தூணைச் சுற்றித் தண்ணீர் நுரைத்துக்கொண்டிருந்தது.

முகப்பில் ஒரு பழைய எச்சரிக்கை: குதிரைகளை நடத்திச் செல்லவும், இல்லையேல் இரண்டு டாலர் அபராதம். நிறையப் பேர் இதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த விதிக்கு நியாயமான காரணம் இருக்கிறது. பல குதிரைகள் ஒரே தாளத்தில் குளம்படித்து ஓடினால் பாலம் அந்தத் தாளத்துக்கு ஆட ஆரம்பிக்கும். பொருத்துகள் தளரும். அந்தக் காலத்தில் இரண்டு டாலர் சின்னத் தொகை இல்லை.

பாலம் ஒரு தனியார் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தது. கடப்பவர்கள் சுங்கம் கட்ட வேண்டும். 1936ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் வாங்கியது. சுங்கம் 1943ல்தான் நின்றது. நியூ ஹாம்ப்ஷயர் ஏன் வாங்க வேண்டும், பாதிப் பாலம் வெர்மான்ட்டுக்கு இல்லையா என்று கேட்கலாம். இல்லை. இரண்டு மாநிலத்துக்கும் எல்லைத் தகராறு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வெர்மான்ட் கரையில் தண்ணீர் குறைந்த காலத்தில் நிற்கும் மட்டமே எல்லை என்று 1933ல் தீர்ப்பு வந்தது. ஆகவே ஆறு கிட்டத்தட்ட முழுசும் நியூ ஹாம்ப்ஷயருடையது. பாலத்தின் பெரும்பகுதியும் பராமரிப்புச் செலவும் கூடவே போயின.

அந்தச் செலவு லேசானதில்லை. 1987ல் பாலம் தொய்ந்துபோய் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருட வேலைக்குப் பிறகு 1989ல் திறந்தபோது ஆன செலவு 44.5 லட்சம் டாலர். கெட்டுப்போன இடங்களில் பலகைகளை அடுக்கி ஒட்டி அழுத்திச் செய்த நவீன மரத்துண்டுகளைப் பயன்படுத்தினார்கள். உள்ளே கூர்ந்து பார்த்தால் தெரியும். எனக்கு அதில் வருத்தமில்லை. பாரத்தை இன்னமும் மரமே தாங்குகிறது, தினமும் கார்கள் போகின்றன.

மனைவிக்கு அதைவிடப் பிடித்தவை கார்னிஷ் கிராமத்துக்குள் இருக்கும் சின்னப் பாலங்கள். எல்லாம் டாஸ்கர் கட்டியவை. ப்ளோ-மீ-டவுன் பாலம் 1877ல் 528 டாலர். ப்ளாக்ஸ்மித் ஷாப் பாலம் 1881ல் 873 டாலர். டிங்கிள்டன் ஹில் பாலம் 1882ல் 812 டாலர். பெரிய ஆற்றை அடக்கிய அதே மனிதர் பத்து, பதினைந்து வருடம் கழித்து ஓடைகளுக்கும் அதே அக்கறையோடு பாலம் போட்டிருக்கிறார். ப்ளாக்ஸ்மித் ஷாப் பாலத்தில் இப்போது நடந்து மட்டும் போகலாம். உள்ளே காய்ந்த மரமும் பழைய தூசியும் கலந்த வாசனை. வெளியே தூறல், கூரைத் தகரத்தில் சத்தம், தரை முழுக்க உலர்ந்து கிடக்கிறது. கூரை என்ன செய்கிறது என்று விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போனது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கூரை வைத்த பாலத்துக்குப் பனிக்காலத்தில் ஒரு தொல்லை இருந்தது. குதிரைகள் அப்போது சறுக்கு வண்டிகளை இழுத்தன. சாலை முழுக்கப் பனி, பாலத்துக்குள் மட்டும் வெறும் பலகை. வண்டி அங்கே வந்ததும் நின்றுவிடும். அதனால் ஊர் செலவில் ஆள் வைத்து, வெளியே இருக்கும் பனியை அள்ளிப் பாலத்துக்குள் பரப்புவார்கள். மேலிருந்து விழும் பனியைத் தடுக்கக் கூரை, கீழே போட வெளியிலிருந்து பனி.

ஞாயிறு – க்வீச்சி, டாஃப்ட்ஸ்வில், உட்ஸ்டாக்

4ஆம் எண் சாலை ஓட்டாக்வீச்சி ஆற்றோடு ஒட்டிப் போகிறது. ஒரே காலையில் இந்த மூன்று பாலங்களையும் பார்த்துவிடலாம்.

க்வீச்சி பாலம் படத்தில் அழகு. பக்கத்திலேயே பழைய ஆலை, அணைக்கட்டு, அருவி. ஆனால் 1970ல் கட்டியபோதே இதன் பாரத்தை இரும்பு விட்டங்கள்தான் தாங்கின. மரமும் கூரையும் மேலே போர்த்தியவை. ஐரீன் வெள்ளம் இதையும் சிதைத்தது, 2012ல் திரும்பக் கட்டினார்கள். எனக்கு மனம் ஒட்டவில்லை. பார்ட்டன்ஸ்வில்லில் கையில் பட்ட அதிர்வு இங்கே இல்லை. மரம் அங்கே உழைக்கிறது, இங்கே உடுப்பாக இருக்கிறது. இரண்டையும் ஒரே பட்டியலில் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சில மைல் மேற்கே டாஃப்ட்ஸ்வில். சிவப்புப் பாலம், 189 அடி, 1836ல் சாலமன் எம்மன்ஸ் கட்டியது. வெர்மான்ட்டில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கூரைப் பாலங்களில் ஒன்று. இதற்கு முன் இங்கே நின்ற பாலங்கள் வெள்ளத்தில் போயின. ஐரீன் இதன் கல் தாங்கல்களைக் கலைத்தபோது இது 175 வயதுப் பாலம். இரண்டு வருடம் மூடிவைத்து, 2013 செப்டம்பரில் திறந்தார்கள். பின்னல் முறை பரவும் முன் தச்சர்கள் எப்படி யோசித்தார்கள் என்பதை இதில் பார்க்கலாம். நிற்கும் கனத்த தூண்கள், சாய்வுக் கட்டைகள், அதோடு பக்கத்துக்கு ஒரு பெரிய வளைவு விட்டம். ஒன்று தளர்ந்தால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும் என்ற எச்சரிக்கை உணர்வு ஒவ்வொரு மரத்திலும் தெரிகிறது.

வெர்மான்ட்டில் இப்போது நூற்றுக்குச் சற்று மேல் கூரைப் பாலங்கள் இருக்கின்றன. முன்பு இதைவிட எத்தனையோ மடங்கு இருந்தன. 1927 நவம்பர் 3, 4 தேதிகளில் வந்த வெள்ளத்தில் மாநிலம் முழுக்க 1,285 பாலங்கள் போயின. 84 பேர் இறந்தார்கள். அடித்துப்போன மரப்பாலங்களின் இடத்தில் இரும்பும் காங்கிரீட்டும் வந்தன. கார் பெருகும் காலம் அது, யாரையும் குறைசொல்ல முடியாது. மிஞ்சியவை பெரும்பாலும் முக்கியச் சாலைகளிலிருந்து ஒதுங்கிக் கிடந்தவை.

அந்தப் போக்குக்கு எதிராக உட்ஸ்டாக் ஊர் 1969ல் ஒன்று செய்தது. நடுவூரில் இருந்த பழைய இரும்புப் பாலத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மரத்தால் கூரைப் பாலம் வைத்தது. கட்டியவர் மில்டன் கிராட்டன். எல்லோரும் மரத்திலிருந்து இரும்புக்குப் போன வழியில் இவர்கள் திரும்பி நடந்தார்கள். டவுன் முறை, மர முளைகள், எல்லாம் பழையபடி. கரையில் முழுப் பாலத்தையும் செய்து முடித்து, காளைகளைப் பூட்டிச் சுழல்தூண் வைத்துக் கயிறு சுற்றி ஆற்றின் குறுக்கே அங்குலம் அங்குலமாக இழுத்து உட்காரவைத்தார். 1974ல் யாரோ தீ வைத்தார்கள். கருகிய பாகத்தை மாற்றிச் சரி செய்தார்கள்.

உட்ஸ்டாக் பணக்கார ஊர், கடைத்தெரு முழுக்கச் சுற்றுலாக் கூட்டம். அது என் ஆர்வத்தைக் குறைக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகள் சைக்கிளில் அந்தப் பாலம் வழியாகப் போவதும், ஓரத்து நடைபாதையில் ஒரு பாட்டி நாயோடு போவதும் போதுமானதாக இருந்தது.

திங்கள் – நியூபோர்ட், அப்புறம் வீடு

திரும்பும் வழியில் நியூ ஹாம்ப்ஷயரின் நியூபோர்ட். கூரைப் பாலம் என்றால் குதிரை வண்டிக் காலம் என்று நினைத்திருப்பவர்கள் இங்கே ஒருமுறை வர வேண்டும். சுகர் ஆற்றின் மேல் ரயிலுக்காகக் கட்டிய இரண்டு கூரை மரப்பாலங்கள் இருக்கின்றன. ரைட் பாலம் 1906, பியர் பாலம் 1907. பாஸ்டன் அண்டு மெய்ன் ரயில் கம்பெனி கட்டியவை. இரும்புப் பாலம் எங்கும் வந்துவிட்ட பிறகும் அந்தக் கம்பெனி தன் கிளைப் பாதைகளில் மரத்தை நம்பியது. இந்தப் பக்கம் மரம் மலிவு, அதில் வேலை செய்யத் தெரிந்தவர்கள் கையில் இருந்தார்கள்.

தண்டவாளம் எடுத்தாயிற்று, இப்போது அது நடைபாதை. பியர் பாலத்துக்குள் போனபோது நான் பேச்சை நிறுத்திவிட்டேன். டவுனின் அதே பின்னல், ஆனால் ஒவ்வொரு பக்கமும் இரட்டையாக. உயரம் ஒரு நீராவி எஞ்சின் புகைபோக்கியோடு போகும் அளவுக்கு. களஞ்சியம் கட்டும் தச்சருக்காக 1820ல் யோசித்த ஒரு பலகை முறை, ஏறத்தாழ தொண்ணூறு வருடம் கழித்து ரயில் எஞ்சினைத் தாங்கியிருக்கிறது. இந்தப் பயணம் முழுவதிலும் என்னை அதிகம் வியக்கவைத்த இடம் இதுதான். ஆனால் வழிகாட்டிப் புத்தகங்கள் இதற்கு நாலு வரிக்கு மேல் கொடுப்பதில்லை.

அதே ஊரில் கார்பின் பாலம். 1993ல் தீ வைத்து எரித்துவிட்டார்கள். ஊர் மக்கள் பணம் சேர்த்து 1994ல் திரும்பக் கட்டினார்கள். இந்த முறை வேலையை எடுத்தவர் மில்டன் கிராட்டனின் மகன் ஆர்னால்ட் கிராட்டன். அவரும் அப்பாவைப்போலவே காளைகளை வைத்துப் பாலத்தை இழுத்தார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஏப்ரலில் போனால் ரப்பர் பூட்ஸ் கட்டாயம், ரயில் பாதை நடைக்கும் மண்சாலைகளுக்கும். கூகுள் மேப் காட்டும் குறுக்குவழிகளை அந்த மாதத்தில் நம்ப வேண்டாம், தார்ச் சாலையிலேயே சுற்றிப் போங்கள். பாலத்துக்குள் ஒரு வண்டி இருந்தால் வெளியே நின்று வழிவிடுவது இங்கே எழுதாத சட்டம். உள்ளே சிகரெட் வேண்டவே வேண்டாம். பெரிய வேன், ஆர்வி (தங்கும் வசதியுள்ள பெரிய வண்டி) எடுத்து வருகிறவர்கள் ஒவ்வொரு முகப்பிலும் எழுதியிருக்கும் உயரத்தையும் எடையையும் நிறுத்திப் படித்துவிட்டு ஏறுங்கள். ஹால் பாலத்தை ஆற்றில் தள்ளியது அப்படிப் படிக்காமல் ஏறிய ஒரே ஒரு லாரி.